வெறும் பூச்சுதான்

பழைய எலெக்ட்ரிக் கிதார்களை வாங்கி விற்கும் இடங்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். வாங்க வந்தவன் வாத்தியத்தைத் திருப்பிப் பார்க்கிறான். கழுத்தும் உடலும் சேருமிடத்தில் மயிரிழையாக ஓடும் ஒரு கோட்டைச் சுட்டிக் காட்டுகிறான். விற்பவன் சொல்கிறான்: வெறும் பூச்சுதான், மரத்துக்கு ஒன்றுமில்லை. இந்த வாக்கியம் பல சமயங்களில் உண்மையாகவே இருந்துவிடுகிறது. ஆனால் ஒரு வாக்கியம் உண்மையாக அமைந்துவிட்டது என்பதனாலேயே அதைச் சொல்லும் உரிமை சொன்னவனுக்கு இருந்தது என்றாகிவிடுமா? ‘வெறும்’ என்ற சொல் விவரணை அல்ல, தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை வழங்கியவன் எதைப் பார்த்தான், எதைப் பார்க்காமல் விட்டான் என்பது தீர்ப்பின் சரி தவறைவிட முக்கியமானதாக எனக்குப் படுகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். பொருளைப் பார்க்காமல் நீதி பேசுவது நம்மிடையே ஏற்கெனவே அளவுக்கு மேல் நடக்கிறது.

இங்கே பேசப்படும் கிதார் உள்ளீடற்ற குடம் கொண்டதல்ல, முழுக் கட்டை. கட்டைக்குள் பொருத்தியிருக்கும் காந்தச் சுருள் தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றுகிறது. 1950களில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ஃபெண்டர் கம்பெனி ஆஷ், ஆல்டர் மரங்களில் உடலைச் செய்து, மேப்பிள் கழுத்தை நான்கு திருகாணிகளால் அதில் பூட்டியது. அப்போது மிச்சிகனின் கலமஸூவில் இருந்த கிப்ஸன் கம்பெனி, மஹோகனிக் கட்டைமேல் மேப்பிள் பலகை ஒட்டி, கழுத்தைப் பசையால் உடலோடு இணைத்தது. இரண்டின் மேலும் பூசப்பட்டது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அது இசைக்காகப் பிறந்ததல்ல. 1920களில் அமெரிக்க மோட்டார்க் கார்த் தொழில் பிரபலமாக்கிய, விரைவில் காயும் பூச்சு. தொழிற்சாலைகளுக்கு அது வசதியாக இருந்ததால் கிதாருக்கும் வந்தது. இன்று அதன் மஞ்சளித்த நிறத்தைப் பற்றிக் காவியம் பாடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பூச்சு, அதைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் ஆவியாவதால் காய்கிறது. இளக்கத்துக்காகச் சேர்க்கப்பட்ட பொருளும் வருஷங்கள் செல்லச் செல்ல வெளியேறுகிறது. பூச்சு மெலிகிறது, இறுகுகிறது, நொறுங்கும் தன்மை பெறுகிறது. பனிக்காலத்தில் லாரியில் பயணம் செய்து வந்த கிதாரின் பெட்டியைச் சூடான அறையில் உடனே திறந்தால், சிலந்தி வலைபோல் கோடுகள் கண்ணெதிரிலேயே ஓடக்கூடும். அதனால்தான் பெட்டியைப் பல மணி நேரம் மூடியபடியே வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

இந்தக் கோடுகள் எத்திசையில் ஓடுகின்றன என்பது கவனிக்க வேண்டிய விஷயம். குளிரில் பூச்சு மரத்தைவிட அதிகம் சுருங்க முயல்கிறது. மரமோ நாரோட்டத்தின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதேயில்லை. ஆகவே அந்தத் திசையில்தான் பூச்சு மிக அதிகமாக இழுபடுகிறது. இழுபடும் திசைக்குக் குறுக்காக வெடிக்கிறது. குளிரால் வந்த வெடிப்பு பெரும்பாலும் நாரோட்டத்துக்குக் குறுக்கே ஓடுவதன் காரணம் இது. மரம் பிளப்பதோ இதற்கு நேர்மாறாக. நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள பிணைப்புதான் மரத்தின் பலவீனம். எனவே அது நாரோட்டத்தோடு பிளக்கிறது. விறகு பிளந்தவர்கள் எவருக்கும் இது தெரியும். கோடு நாரைக் குறுக்கே வெட்டிச் சென்றால் பூச்சைச் சந்தேகி. நாரோடு ஒத்துச் சென்றால் மரத்தைச் சந்தேகி. பாலபாடம் இதுதான்.

நம் மொழி இந்த வேற்றுமையை முன்னமே அறிந்ததுபோல் இருக்கிறது. வயலில் வெடிப்பு, சுவரில் விரிசல், பானையில் கீறல், மரத்தில் பிளவு. ஒவ்வொரு பொருளும் தன் சுபாவத்துக்கேற்ற விதத்தில் உடைகிறது; ஒவ்வொரு உடைவுக்கும் ஒரு சொல். நான்கையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது கண்ணும் கொஞ்சம் மழுங்கிப்போகிறது.

ஆனால் பாலபாடம் பாலபாடந்தான். கிதாரின் உடல் பல சமயம் இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டு வாயின்மேல் பூச்சு சற்று அமிழ்ந்து கோடாகத் தெரியும். அது நாரோட்டத்தோடுதான் ஓடும், ஆயினும் பிளவல்ல. ஃபெண்டர் வகைக் கிதாரில் கழுத்து உட்காரும் குழியின் மூலையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு கோடு கிளம்புவது மிகச் சாதாரணம். மூலை கூர்மையானது, அங்கே பூச்சுக்குப் பிடிமானம் குறைவு, கழுத்து இறுக்கமாக உட்கார்ந்து அழுத்துகிறது. 1960களின் பிற்பகுதியில் வந்த தடித்த பாலியெஸ்டர் பூச்சு குளிருக்கு எளிதில் வெடிப்பதில்லை. ஆனால் இந்த மூலையில் அதுவும் வெடிக்கிறது. பத்தில் ஒன்பது பேர் இதைப் பார்த்ததும் பூச்சு என்பார்கள். ஆனால் அதே இடத்தில்தான் உடலின் மரமும் வெட்டப்பட்டு மெல்லிய சுவராக நிற்கிறது. கிதார் கீழே விழுந்திருந்தால் முதலில் பிளப்பதும் அந்தச் சுவர்தான். அதே கோடு, அதே இடம், இரண்டு அர்த்தங்கள்.

கிப்ஸன் வகையில் ஆபத்து வேறிடத்தில். தலைப்பகுதி கழுத்திலிருந்து சுமார் 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. கழுத்தும் தலையும் ஒரே மஹோகனித் துண்டில் செதுக்கப்படுவதால் சாயும் இடத்தில் நார்கள் நீளமாக ஓட முடியாமல் குறுகிப்போகின்றன. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முடுக்குவதற்கான குழியும் சரியாக அங்கேதான் தோண்டப்பட்டிருக்கிறது. பெட்டியோடு மல்லாந்து விழுந்தால்கூட அங்கே முறியலாம். இந்த முறிவு கழுத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் குறுக்காக ஓடுவதுபோல் தோன்றும். உண்மையில் அது குறுகிய நார்களின் வழியேதான் போயிருக்கிறது. பாலபாடத்தை மட்டும் படித்தவன் இங்கே தோற்றுப்போவான்.

எப்படித்தான் தெரிந்துகொள்வது? வழிகள் இருக்கின்றன. சாய்வான வெளிச்சத்தில் கோட்டின் இரு கரைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். பூச்சு வெடித்தால் மட்டம் பெரிதும் மாறுவதில்லை. மரம் நகர்ந்திருந்தால் ஒரு கரை நகத்தில் தட்டும். கோடு விளிம்பைத் தாண்டி மறுபக்கத்தில் அதே இடத்தில் தொடர்கிறதா என்று பார்க்கலாம். லைட்டருக்கு ஊற்றும் நாஃப்தாவைத் துணியில் தொட்டுத் துடைத்தால், சுற்றிலும் உலர்ந்த பிறகும் திறந்த பிளவு சிறிது நேரம் ஈரக்கோடாக நிற்கும். தந்திகளைத் தளர்த்தியும் இறுக்கியும் கோடு வாய் திறக்கிறதா என்று கவனிக்கலாம். புற ஊதா விளக்கில் பழைய லாக்கர் ஒருவிதமாக ஒளிரும். பின்னால் பூசிய இடம் வேறு விதமாகத் தெரியும். மறைக்கப்பட்ட பழுது அங்கே வெளிப்படலாம். சந்தையில் பானை வாங்குகிறவள் தட்டிப் பார்ப்பதுபோல, மரத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பார்க்கலாம்.

இவையெல்லாம் வெளியிலிருந்து செய்யும் ஊகங்கள். நிச்சயத்துக்கு மிக அருகில் கொண்டு செல்வது ஒன்றுதான்: பூச்சு இல்லாத இடத்தில் மரத்தைப் பார்ப்பது. நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தை எடுத்துவிட்டுக் குழிக்குள் பார். மின்கம்பிகள் இருக்கும் அறையின் மூடியைத் திறந்து உட்சுவரைப் பார். வெளிக்கோடு உள்ளேயும் வந்திருந்தால் மரம். உள்ளே சுவர் முழுசாக இருந்தால் அநேகமாகப் பூச்சு. இதற்கு ஆகும் நேரம் பத்து நிமிஷம்.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நம் கேள்வி இருக்கிறது.

1970இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார்களின் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்பவனுக்குப் பொருளின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வே சந்தையைக் கெடுத்துவிடும் என்பது அதன் சாரம். கிதார் விஷயத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. இங்கே விற்பவனுக்கும் பல சமயம் தெரியாது. தெரியாமலிருப்பது அவனுக்கு லாபம். திருகாணியைக் கழற்றாதவரை ‘வெறும் பூச்சுதான்’ என்று அவன் மனசாட்சி உறுத்தாமல் சொல்லலாம். கழற்றிப் பார்த்துவிட்டால் ஒன்று உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையேல் பொய் சொல்ல வேண்டும். பார்க்காமலிருப்பதன் மூலம் இந்த இரண்டிலிருந்தும் தப்பித்துக்கொள்கிறான். அவன் பொய்யன் அல்ல. பொய்க்குத் தேவையான அறிவைக்கூடத் தன்னை அணுகவிடாதவன்.

1877இல் டபிள்யூ. கே. கிளிஃபர்ட் ‘நம்பிக்கையின் அறம்’ பற்றி எழுதும்போது ஒரு கப்பல் முதலாளியைக் கற்பனை செய்தார். கப்பல் பழையது, பழுது பார்க்க வேண்டியது என்ற சந்தேகம் அவனுக்கு வருகிறது. இத்தனை பயணங்களைத் தாங்கியதல்லவா என்று தன்னைத் தேற்றிக்கொள்கிறான். உளமார நம்பியே பயணிகளை ஏற்றி அனுப்புகிறான், கப்பல் மூழ்குகிறது. அவன் நம்பிக்கை போலியல்ல. ஆயினும் கைவசமிருந்த ஆதாரத்தைக் கொண்டு அப்படி நம்ப அவனுக்கு உரிமை இல்லை என்றார் கிளிஃபர்ட். கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் குறையாது என்றும் சொன்னார். இந்த இரண்டாவது பகுதிதான் நம்மைத் தொந்தரவு செய்வது. விளைவு நல்லதாக அமைந்தால் மன்னித்துவிடும் பழக்கம் நமக்கு உண்டு. கோடு பூச்சோடு நின்றிருந்தால், பார்த்தீர்களா, சொன்னேனே என்கிறான் விற்பவன். அவன் சொன்னது சரியாகப் போயிற்று. சொன்ன விதம் சரியாகிவிடவில்லை.

கிதாரால் யாரும் மூழ்கிச் சாவதில்லை. வருஷக்கணக்கில் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கிய ஒரு இளைஞன், மூன்று மாதத்துக்குப்பின் சுருதி நிற்காத ஒரு கட்டையைக் கையில் வைத்திருப்பான், அவ்வளவுதான். இழப்பு சிறியதாக இருப்பதால் அறமும் சிறியதாகிவிடாது. பெரிய நாசங்களில் பயமும் பரிதாபமும் பார்வையை மறைக்கின்றன. இந்த மாதிரிச் சின்ன இடத்தில்தான் அந்த மனப்போக்கு அப்பட்டமாகத் தெரிகிறது.

இனி ‘வெறும்’ என்ற சொல்லுக்கே வருவோம். மேற்பரப்பு பொய், ஆழம் மெய் என்ற பழைய எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பூச்சில் விழுந்தது தோல் காயம், மரத்தில் விழுந்தது எலும்பு முறிவு. இந்த உவமை பாதிதான் செல்லும். சாதாரணக் கனமுள்ள ஆறு தந்திகளைச் சுருதி கூட்டினால் மொத்த இழுவிசை சுமார் 45 கிலோ. இந்த விசை தலைப்பகுதியின் பிருடைகளிலிருந்து கழுத்தின் வழியே, கழுத்துக்கும் உடலுக்கும் உள்ள இணைப்பைக் கடந்து, தந்தியின் மறுமுனை வரை செல்கிறது. அந்தப் பாதையில் இல்லாத மரம் எதையும் தாங்குவதில்லை. உடலின் கீழ் விளிம்பில் மரமே பிளந்திருந்தாலும் அந்தக் கிதார் ஐம்பது வருஷம் வாசிக்கப்படலாம். தலையின் அடியிலோ, கழுத்தின் அடிமரத்திலோ உள்ள நூலிழைக் கோடு நாளைக்கே வாய் திறக்கலாம். ஆகவே கேட்க வேண்டியது ‘எவ்வளவு ஆழம்?’ என்பதல்ல, ‘இந்தக் கோட்டின் குறுக்கே என்ன பாரம் போகிறது?’ என்பது. ஆழமாக இருப்பதெல்லாம் முக்கியமல்ல. மேலாக இருப்பதெல்லாம் அற்பமுமல்ல. பாரம் தாங்கும் இடத்தில் உள்ள ஐயம்தான் ஐயம்.

சந்தை இதை அறவே புரிந்துகொள்வதில்லை. முறிந்த தலையை நன்றாகப் பொருத்தி வஜ்ரத்தாலோ நவீன மரப்பசையாலோ ஒட்டினால், ஒட்டிய இடம் பக்கத்து மரத்துக்குச் சமமாக நிற்கும் என்று பழுது பார்ப்பவர்கள் அனுபவத்தில் சொல்கிறார்கள். அந்தக் கிதார் முன்போலவே ஒலிக்கும். ஆனால் விலை பாதிக்குப் பாதி சரியும் என்பது வியாபார வாய்ப்பாடு. பாரத்தைத் தாங்கித் தேறிய காயம் அவமானமாகிறது. அதே சமயம் பூச்சின் வெடிப்புகளுக்குக் கூடுதல் விலை. 1995இல் ஃபெண்டர், தேய்ந்தும் உரிந்தும் காணும்படி புதிதாகச் செய்த கிதார்களை ‘ரெலிக்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ரெலிக் என்றால் புனிதர்களின் எலும்பு போன்ற திருச்சின்னம். 2021இல் கிப்ஸன், இப்படிப் பழமை ஏற்றுவதற்கென்றே மர்ஃபி லேப் என்ற தனிப் பிரிவைத் தொடங்கியது. எந்தக் கோட்டைக் காட்டி ‘வெறும்’ என்று விலை பேசினார்களோ, அந்தக் கோட்டையே இப்போது வேலைக்காரர்கள் உட்கார்ந்து உண்டாக்குகிறார்கள்.

இதற்கு ஓவிய உலகில் ஒரு முன்னோடி உண்டு. ஹாலந்தின் ஹான் வான் மேகெரன் 1930களில் வெர்மீரின் பெயரில் ஓவியங்கள் தீட்டினான். பழைய எண்ணெய் வண்ணத்தின் இறுக்கமும் வெடிப்புகளும்தான் வயதின் சாட்சி என்று நிபுணர்கள் நம்பியிருந்தார்கள். அவன் வண்ணத்தில் செயற்கைப் பிசினைக் கலந்து, ஓவியத்தைச் சூட்டில் வாட்டி, திரையைச் சுருட்டி வெடிக்க வைத்து, வெடிப்புகளில் மசி பூசினான். ராட்டர்டாமின் அருங்காட்சியகம் அதில் ஒன்றை வெர்மீரென்றே வாங்கியது. யுத்தம் முடிந்து 1945இல் வேறொரு குற்றச்சாட்டிலிருந்து தப்புவதற்காக அவனே உண்மையைச் சொல்லும்வரை அது வெர்மீராகவே தொங்கியது. வெடிப்பைக் கண்டதும் தீர்ப்பை முடித்துக்கொண்டவர்களைத்தான் அவன் ஏமாற்றினான்.

ரெலிக் கிதார் மோசடி அல்ல. புதியது என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதன் தவறு, தவறு என்று ஒன்றிருந்தால், வேறிடத்தில் இருக்கிறது. அயர்லாந்துக்காரரான ரோரி கல்லகர் 1963இல் கார்க் நகரில் ஒரு கடையில் வாங்கிய 1961ஆம் வருஷத்து ஸ்ட்ராட்டோகாஸ்டரை முப்பது வருஷத்துக்கு மேல் வாசித்தார். பூச்சின் பெரும்பகுதி உரிந்து வெறும் மரம் தெரிந்தது. 2024இல் லண்டன் ஏலத்தில் விற்பனையாகி அது அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதன் பூச்சு போன ஒவ்வொரு இடமும் ஒரு கையும் ஒரு உடம்பும் இத்தனை வருஷம் அங்கே உராய்ந்தன என்பதற்கு சாட்சி. இங்கே மேற்பரப்பு பொய்யல்ல, நடந்தவற்றின் பதிவேடு. ரெலிக்கில் அதே பதிவேடு, நிகழ்ச்சிகள் மட்டும் இல்லை. வாழாத வாழ்க்கையின் தழும்பு என்பதால் அது நம்மை ஏமாற்றுவதைவிட, தழும்பைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பழக்கத்தை நம்மிடமிருந்து பறிக்கிறது. எல்லாக் கோடும் அலங்காரமாகிவிட்டால் எந்தக் கோட்டையும் யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஆக இரண்டு விதமான சோம்பேறித்தனங்கள். ஒருவன் கோட்டை ‘வெறும்’ என்று தள்ளுகிறான். இன்னொருவன் அதையே ‘ஆஹா’ என்று கொண்டாடுகிறான். இருவரும் திருகாணியைத் தொடவில்லை. நம் விமர்சனத்திலும் இந்த இருவரை அடையாளம் கண்டுகொள்ள அதிக சிரமம் தேவையில்லை. ஒரு நாவலின் நடைச் சிதைவை ‘மேலோட்டமான குறை, உள்ளடக்கம் நன்றாயிருக்கிறது’ என்று ஒருவர் ஒதுக்குகிறார். அதே சிதைவை ‘சோதனை’ என்று மற்றவர் தூக்கிப் பிடிக்கிறார். அந்த இடத்தில் நாவல் எதைத் தாங்க வேண்டியிருந்தது, தாங்கிற்றா என்று கழற்றிப் பார்க்கும் வேலை அப்படியே கிடக்கிறது.

திறக்க முடியாத இடங்களும் உண்டு. பசையால் ஒட்டிய கழுத்தை எளிதில் கழற்ற முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது வாத்தியம் முறியும்வரை தெரியாமலே போகலாம். அப்போது செய்யக்கூடிய நேர்மையான காரியம் தீர்ப்பை நிறுத்திவைத்து விவரணையோடு நின்றுவிடுவது. ‘இந்த இடத்தில் இவ்வளவு நீளத்துக்கு ஒரு கோடு இருக்கிறது, நாரோட்டத்தோடு ஓடுகிறது, நகத்தில் தட்டவில்லை, தந்தியை இறுக்கியபோது திறக்கவில்லை, உள்ளே பார்க்க முடியவில்லை.’ இப்படிச் சொல்பவன் கொஞ்சம் குறைந்த விலைக்கு விற்க நேரிடும். வாங்குபவனும் தன் பங்குக்கு அறிந்தே ஒரு அபாயத்தை ஏற்றுக்கொள்கிறான். ஐயம் இருவருக்கும் பொதுவாகிறது. ‘வெறும்’ என்ற ஒற்றைச் சொல் அந்த ஐயம் முழுவதையும் வாங்குபவன் தலையில், அவனறியாமல், ஏற்றிவிடுகிறது. பாரம் மரத்தில் எப்படிப் பகிரப்படுகிறது என்பதைப் போலவே, மனிதர்களிடையே அது எப்படிப் பகிரப்படுகிறது என்பதையும் ஒரு கோடு காட்டிக்கொடுக்க முடியும்.